புது தெர்மோஸ்டாட் போட்டும் கீசர் மக்கர் செய்தால்

செட்டிநாட்டில் அறையைச் சூடாக்கும் மின்கருவிக்கு வேலை இல்லை. இளையாத்தங்குடி போன்ற ஊரில் வீட்டுக்குள் தெர்மோஸ்டாட் வைத்த சூடாக்கி என்றால் அது குளியலறைக் கீசர்தான். மார்கழி, தை மாதங்களிலும் வீட்டில் விசேஷம் வரும் நாட்களிலும்தான் அதற்கு முழு வேலை. தண்ணீர் சூடாகவில்லை என்றதும் தெர்மோஸ்டாட்டை மாற்றிவிடுவது வழக்கம். உதிரியின் விலையும் குறைவு, வேலையும் குறைவு. மாற்றிய பிறகும் கோளாறு தீராவிட்டால், புதிதும் சரியில்லை என்று இன்னொன்று வாங்கப்படுகிறது. அதுவும் பெரும்பாலும் அதே கதையாகத்தான் முடியும். தெர்மோஸ்டாட்டுக்கு மின்சாரம் ஒழுங்காக வந்து சேரவில்லை, அல்லது தண்ணீரின் சூடு அதன் முனைக்கு எட்டவில்லை: குறை பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும்.

தண்ணீரைச் சேமித்துச் சூடாக்கும் கீசரில் சூட்டைக் காக்கும் உறுப்புகள் இரண்டு. தெர்மோஸ்டாட் அன்றாடக் காவல். வைத்த அளவு சூடு வந்ததும், பெரும்பாலும் 60 டிகிரியை ஒட்டி, எலிமெண்டுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும், ஆறியதும் தானாகவே சேர்க்கும். கட்-அவுட் ஆபத்துக் காவல். தெர்மோஸ்டாட் துண்டிக்கத் தவறி, தண்ணீர் கொதிநிலையை நெருங்கும்போது விழும். ஒருமுறை விழுந்தால் பொத்தானைக் கையால் அழுத்தினால்தான் திரும்பச் சேரும். சில கீசர்களில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். பழைய கீசர்களில் தெர்மோஸ்டாட் நீளமான கம்பி வடிவில் வரும். இப்போதையவற்றில் மெல்லிய செப்புக் குழாயும் அதன் நுனியில் விரல் நீளக் குமிழும் இருக்கும்.

எதைத் தொடுமுன்னும் எம்.சி.பி.யை இறக்கி, பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. பழைய மரச்சட்ட வயரிங் உள்ள வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் போடப்பட்டிருப்பது அபூர்வம் அல்ல. சுவிட்ச் அணைந்திருந்தும் முனையில் கரண்ட் இருக்கும். மூடியைக் கழற்றியதும் டெஸ்டராலும் மல்டிமீட்டராலும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. எலிமெண்டையோ அது பொருந்தியிருக்கும் தட்டையோ கழற்ற வேண்டி வந்தால் முதலில் டேங்க்கின் தண்ணீரை வடித்துவிட வேண்டும்.

மூடிக்குள் கண்ணால் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஆண்டில் பல மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டின் கீசரில் எறும்பு கட்டிய மண், முனைகளுக்குக் குறுக்கே காய்ந்து கிடக்கும் பல்லி, தட்டைச் சுற்றி வெள்ளையாகப் பூத்த உப்பு எல்லாம் சகஜம். உப்பு பூத்திருந்தால் காஸ்கெட் கசிகிறது என்று பொருள். வயர் நுனியில் இருக்கும் லக்குக்கு அருகே பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தால் அந்த இணைப்பு தளர்ந்து சூடாகியிருக்கிறது. கருகிய பழைய லக்கையே புது தெர்மோஸ்டாட்டிலும் செருகிவிடுவது பரவலான தவறு. லக்கை வெட்டி, வயரை நல்ல செம்பு தெரியும் வரை சீவி, புது லக் அழுத்த வேண்டும். 2000 வாட் எலிமெண்ட் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும், 3000 வாட் என்றால் 13 ஆம்பியர். தெர்மோஸ்டாட்டின் மேல் 16 ஆம்பியர், 250 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

புதுத் தெர்மோஸ்டாட் நல்லதுதானா என்பதைச் சமையலறையிலேயே சோதிக்கலாம். கழற்றி வைத்த நிலையில், மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரு முனைகளையும் தொட்டால் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். பிறகு ஒரு சொம்பில் கொதித்து இறக்கிய வெந்நீரை எடுத்து, குமிழை மட்டும் (கம்பி வகையானால் கம்பியின் கீழ்ப்பகுதியை) உள்ளே விட வேண்டும். முனைகள் நனையக் கூடாது. சற்று நேரத்தில் ‘டிக்’ என்று ஒலி கேட்டு மீட்டர் இணைப்பு இல்லை என்று காட்டும். வெளியே எடுத்து ஆறவிட்டால் இன்னொரு ‘டிக்’. இரண்டும் நடந்தால் தெர்மோஸ்டாட் மேல் குற்றமில்லை. கட்-அவுட்டும் சேர்ந்த வகையானால் அந்தச் சூட்டில் அதுவும் விழுந்திருக்கலாம். நன்கு ஆறிய பின் பொத்தானை அழுத்த வேண்டும். செப்புக் குழாய் எங்காவது மடிந்து நசுங்கியிருந்தால் அதைப் பொருத்தவே கூடாது. உள்ளிருக்கும் திரவம் கசிந்துபோனால் தெர்மோஸ்டாட் துண்டிக்காமலேயே நின்றுவிடக்கூடும்.

தண்ணீர் கொஞ்சமும் சூடாகவில்லை என்றால் முதலில் கட்-அவுட் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும்; வழியில் பட்ட அதிர்விலேயே விழுந்திருக்கலாம். அடுத்தது எலிமெண்ட். அதன் இரு வயர்களையும் கழற்றிவிட்டு அளந்தால் 2000 வாட்டுக்குச் சுமார் 26 ஓம், 1500 வாட்டுக்கு 35, 3000 வாட்டுக்கு 18 ஓம் காட்ட வேண்டும். முடிவில்லா அளவு காட்டினால் எலிமெண்ட் அறுந்துவிட்டது. இரண்டும் சரியென்றால் வயர்கள் இடம் மாறியிருக்கும். தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் பேஸ் வயரின் வழியில் வர வேண்டும். நியூட்ரல் எலிமெண்டின் மறுமுனைக்குப் போக வேண்டும். கீசரின் அடையாள விளக்குக்கான சிறு முனையில் எலிமெண்ட் வயரைச் செருகியிருந்தால் விளக்கு எரியும், தண்ணீர் சுடாது. இந்த விளக்கைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

வெதுவெதுப்போடு நின்றுவிடுவது இன்னொரு வகை. இதில் அவசரப்படாமல் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 2000 வாட் கீசருக்கு ஏறத்தாழ 18 நிமிடம் போதும். 25 லிட்டருக்கு அரை மணி. விளக்கு ஐந்தாறு நிமிடத்திலேயே அணைந்துவிட்டால் தெர்மோஸ்டாட் சீக்கிரம் துண்டிக்கிறது: திருகு குறைத்து வைக்கப்பட்டிருக்கலாம், அல்லது அதன் குமிழ் எலிமெண்டை ஒட்டி நிற்கலாம். கம்பி வகையில் பழையதன் நீளமும் புதியதன் நீளமும் ஒன்றாக இருப்பது கட்டாயம். விளக்கு முழு நேரம் எரிந்து அணைந்தும் குழாயில் வெதுவெதுப்புத்தான் வருகிறது என்றால் கீசரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மிக்ஸர் குழாயைப் பார்க்க வேண்டும். கீசருக்குள் போகும் வால்வை மூடிவிட்டு வெந்நீர்ப் பக்கத்தை மட்டும் திறந்தால் தண்ணீர் சற்றுநேரத்தில் நிற்க வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் மிக்ஸருக்குள் பச்சைத் தண்ணீர் கலக்கிறது.

விளக்கு அணையாமல் நெடுநேரம் எரிந்து, சூடு மெல்ல ஏறினால் மின்னழுத்தத்தைச் சந்தேகிக்கலாம். 200 வோல்ட்டில் 2000 வாட் எலிமெண்ட் 1500 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். 18 நிமிட வேலை 24 நிமிடமாகும். வயரின் நீளமும் அழுத்தத்தைக் குறைக்கும். செட்டிநாட்டு நகரத்தார் வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளுபவை. மீட்டர் முகப்பில் இருக்கும், குளியலறை கடைசிக் கட்டில். 60 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டிருந்தால் வழியிலேயே 12 வோல்ட்டுக்கு மேல் இறங்கிவிடும். கீசருக்குத் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் வயர் இழுப்பதே இதற்கு மருந்து.

தண்ணீர் அளவுக்கு மீறிச் சுடுவது, குழாயில் ஆவி சீறுவது, கட்-அவுட் திரும்பத் திரும்ப விழுவது எல்லாம் ஒரே குடும்பம். குமிழ் அதற்கான குழலுக்குள் முழுதாக இறங்காமல் வெளியே தொங்கினால் டேங்க்கின் சூடு அதற்குத் தெரியாது. குழலின் மேலும் எலிமெண்ட் மேலும் படிந்த உப்பும் அதையே செய்யும். போர் தண்ணீரில் இது தவிர்க்க முடியாதது. முற்றத்தில் மழைநீரைப் பிடித்துப் புழங்கிய பழைய ஏற்பாட்டில் உப்புத் தொல்லை இருந்திருக்காது. அப்போது கீசரும் இல்லை. எலிமெண்டைக் கழற்றி, எலுமிச்சை உப்பு கரைத்த வெதுவெதுப்பான நீரில் முனைகள் நனையாமல் ஊறவைத்தால் படிவு நுரைத்துக் கழன்றுவிடும். சுத்தியலால் தட்டக் கூடாது. உறை விரிசல் விடும். திருகை 55 அல்லது 60 டிகிரியோடு நிறுத்திவைத்தால் உப்பு படிவதும் குறையும்.

தட்டைக் கழற்றிய கையோடு அதிலிருக்கும் மெக்னீசியக் கம்பியையும் பார்த்துவிட வேண்டும். டேங்க்கின் இரும்புக்குப் பதில் தான் கரைந்து, துருவைத் தள்ளிப்போடுவது அது. காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், ஊரார் வாயில் சிக்ரி, ஆராய்ந்துவரும் அரிப்புத் துறையின் பாலபாடம் இது. கம்பி கரைந்து மெலிந்திருந்தால் புதிது போடுவது சிறு செலவு. டேங்க் ஓட்டையானால் கீசரே போயிற்று.

கட்-அவுட் அடிக்கடி விழுகிறதென்று அதைத் தாண்டி ‘டைரக்ட்’ கொடுத்துவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. இதைப்போல ஆபத்தான வேலை கீசரில் வேறில்லை. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் பிறகு தடுக்க எதுவும் இருக்காது. பாதுகாப்பு வால்வும் உப்பில் அடைத்திருந்தால் டேங்க் வெடிக்கும். விசேஷ வீட்டில் ஒரு நாள் சமாளிப்பதற்குக்கூட இதற்கு இடம் தரக் கூடாது.

சுவிட்ச் போட்டதும் மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விழுந்தால் தெர்மோஸ்டாட்டுக்கு அதில் பங்கு இல்லை. எலிமெண்டின் ஒரு முனைக்கும் இரும்புத் தட்டுக்கும் இடையே மீட்டரின் உச்ச அளவில் பார்க்க வேண்டும். எந்த எண் காட்டினாலும் கசிவுதான். நெடுநாள் ஓடாத எலிமெண்டுக்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரத்தை இழுத்துக்கொண்டும் இப்படி விழவைக்கும். கழற்றி இரண்டொரு நாள் நல்ல வெயிலில் காயவைத்து மீண்டும் அளந்தால் சில எலிமெண்டுகள் பிழைத்துக்கொள்ளும், உறை வெடித்தவை பிழைக்காது. எர்த் வயர் தட்டில் இறுக்கமாக இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்க்க வேண்டும். வறண்ட செம்மண்ணில் எர்த் குழி கோடையில் காய்ந்து போகும். அதில் தண்ணீர் ஊற்றுவது பல வீடுகளில் மறந்துபோன வேலை.

எல்லாம் பொருத்தியபின் டேங்க்கை நிரப்பாமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது. மேல்தொட்டி காலியாக இருக்கும்போது போட்ட சுவிட்ச்தான் பல புது எலிமெண்டுகளை எரித்திருக்கிறது. வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போகிறவர்கள் எம்.சி.பி.யை இறக்கி, டேங்க்கை வடித்துவிட்டுப் போகட்டும். அடுத்து வந்து வீட்டைத் திறக்கும்போது, வெந்நீர்க் குழாயில் காற்றுச் சத்தம் நின்று தண்ணீர் சீராக விழும்வரை சுவிட்சைத் தொட வேண்டாம்.