ராமோஜி ஃபிலிம் சிட்டி: குழந்தைகளுடன் செல்வோருக்கு

ஹைதராபாதிலிருந்து விஜயவாடா செல்லும் நெடுஞ்சாலையில், சுமார் 30 கி.மீ. தொலைவில் இருக்கிறது ராமோஜி ஃபிலிம் சிட்டி. 1996-இல் தொடங்கப்பட்ட இந்தத் திரைப்படப் படப்பிடிப்பு வளாகம் 1,600 ஏக்கருக்கும் மேல் பரந்தது. ஒரே நாளில் மூலைமுடுக்கெல்லாம் பார்த்துவிட நினைத்தால் குழந்தைகள் துவண்டுவிடுவார்கள். காலை 9 மணிக்கே உள்ளே போய், வெயில் ஏறுமுன் அரங்குகளைச் சுற்றிக்காட்டும் பேருந்தில் ஏறிவிடுவது நல்லது.

படப்பிடிப்பு அரங்குகளில் ஒரே கட்டடம் ஒரு பக்கம் விமான நிலையமாகவும், மறுபக்கம் மருத்துவமனையாகவும் நிற்கும். கல் போலத் தெரியும் தூண் தட்டினால் ‘டொக்’கென்று ஒலிக்கும். பிள்ளைகளுக்கு உண்மையான வேடிக்கை இதுதான். ‘பாகுபலி’ அரங்கில் படமெடுத்துக்கொள்ளும் அவசரம் பெரும்பாலும் பெரியவர்களுக்கே.

ஃபண்டுஸ்தான் பகுதி சிறுவர்களுக்கென்றே அமைந்தது. இருட்டும் அலறலுமான ‘போராசுரா’ திகில் அரங்குக்குள் சின்னஞ்சிறுசுகளை அழைத்துப் போகாமலிருப்பதே மேல். வெளி உணவுக்குத் தடை உண்டு. கைக்குழந்தையின் பால், கஞ்சி பற்றி டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளலாம். தொப்பி, மாற்றுடை அவசியம். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் உதவ, பெற்றோரின் செல்பேசி எண்ணைச் சீட்டில் எழுதிக் குழந்தையின் சட்டைப் பையில் வைக்கலாம்.