கடனில் மறைந்திருக்கும் கமிஷன்

ஒரு கணக்கைப் பார்ப்போம்.

ஓர் ஆட்டோ ஓட்டுநர் இரண்டு லட்சம் ரூபாய் கடன் வாங்கினார். ஷோரூமில் இருந்த முகவர் தாள்களை நீட்டினார். ஓட்டுநர் கையெழுத்துப் போட்டார்.

பிறகு கணக்குத் தாள் வந்தது. வண்டிக்குப் போனது 1,88,000 ரூபாய்தான். சேவைக் கட்டணம் 7,000 ரூபாய். காப்பீடு 5,000 ரூபாய். இரண்டையும் யாரும் அவரிடம் சொல்லவில்லை. இப்படிப் பிடிக்கும் பணத்தில் ஒரு பங்கு முகவருக்குக் கமிஷனாகப் போகலாம்.

ஒரு நாளில் கையில் மிஞ்சுவது 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 12,000 ரூபாய் என்பது 30 நாள் உழைப்பு! அந்தப் பணத்துக்கும் அவர்தான் வட்டி கட்டுகிறார்.

கேள்வி கேட்கலாமா? கேட்கலாம். அது நம் உரிமை.

விதி என்ன சொல்கிறது?

2024 அக்டோபர் 1 முதல் கொடுக்கும் புதிய கடன்களுக்கு ரிசர்வ் வங்கி ஒரு விதி வைத்துள்ளது. கடன் கொடுப்பவர் 'முக்கிய விவர அறிக்கை' என்ற தாளைத் தர வேண்டும். வட்டி, கட்டணம், காப்பீடு எல்லாம் அதில் இருக்க வேண்டும். எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்பதும் இருக்க வேண்டும். அது நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படித்து முடிவு செய்யக் குறைந்தது மூன்று வேலை நாட்கள் உண்டு. தாளில் இல்லாத கட்டணத்தை நம் தெளிவான சம்மதம் இல்லாமல் பிடிக்கக் கூடாது.

புகார் எழுதுவது எப்படி?

முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கே எழுத வேண்டும். கடிதம் இப்படி இருக்கலாம்:

> குறைதீர்ப்பு அதிகாரி அவர்களுக்கு,
>
> ஐயா / அம்மா,
>
> என் கடன் எண் ........... . என் கடனில் சேவைக் கட்டணம் ரூ.7,000, காப்பீடு ரூ.5,000 பிடித்துள்ளீர்கள். இதை எனக்கு முன்பே சொல்லவில்லை. இதற்கு நான் சம்மதிக்கவில்லை. முகவருக்குக் கொடுத்த கமிஷன் எவ்வளவு என்று தெரிவியுங்கள். காப்பீட்டு ரசீதையும் கடன் ஒப்பந்த நகலையும் அனுப்புங்கள். தவறாகப் பிடித்த பணத்தைத் திருப்பித் தாருங்கள்.
>
> இப்படிக்கு,
> (பெயர், முகவரி, தேதி, கையெழுத்து)

கடிதத்துக்கு ஒரு நகல் எடுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள். விரைவுத் தபாலில் அனுப்பினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

புகார் கொடுத்தாலும் தவணையை நிறுத்த வேண்டாம். தவணை நின்றால் வண்டியே கையை விட்டுப் போகலாம்.

30 நாளில் பதில் வராவிட்டால்?

பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் தாமதிக்காமல் ரிசர்வ் வங்கிக்கு எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். கட்டணம் இல்லை. முதல் கடிதத்தின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.

முகவரி: ரிசர்வ் வங்கிப் புகார் மையம், 4ஆம் மாடி, செக்டர் 17, சண்டிகர் - 160017.

விவரம் கேட்கத் தொலைபேசி எண்: 14448.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டில் கடன் தாள் இருந்தால் எடுத்துப் படியுங்கள். என்னென்ன கட்டணம் பிடித்துள்ளார்கள்? கூட்டிப் பாருங்கள்.

2. கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை எழுதுங்கள்.