அஜெண்டா வீட்டுக்கு வந்த அன்றே வேலை ஆரம்பம்

கண்ணுகளா,

1996 அக்டோபரில் நான் முதன்முதலாகக் கவுன்சிலர் ஆனேன். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்று சட்டம் வந்தபின் தமிழ்நாட்டில் நடந்த முதல் நகராட்சித் தேர்தல் அது. எங்களுடையது கோவைப் பக்கத்துச் சின்ன நகராட்சி. 2006 வரை பத்து வருஷம் அந்த மன்றத்தில் உட்கார்ந்தேன். இப்போது பாதி இடம் பெண்களுக்கு. 2022 பிப்ரவரியில் ஜெயித்து வந்த பிள்ளைகள் பலர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள். அடுத்த முறை நிற்க நினைக்கிறவர்களும் வருகிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அங்க போயி நாங்க என்னங்கம்மா செய்யோணும்?"

கூட்டம் நடப்பது ஒரு மணி நேரம். உங்கள் வேலை அதற்கு முந்தின மூன்று நாளிலும் பிந்தின முப்பது நாளிலும் இருக்கிறது. நான் பட்டுத் தெரிந்துகொண்டதை எண் போட்டு எழுதுகிறேன்.

1. அஜெண்டாவை வீட்டிலேயே படித்து முடியுங்கள்.

என் முதல் கூட்டத்துக்கு அறுபது பொருளுக்கு மேல் வந்திருந்தது. பல்பு வாங்குவது, பிளீச்சிங் பவுடர் வாங்குவது, மோட்டார் ரிப்பேர், கடை வாடகை, குத்தகை என்று பக்கம் பக்கமாக இருந்தது. நான் பிரித்துப் பார்க்கவில்லை. கூட்டத்தில் எழுத்தர் வேகமாகப் படித்துக்கொண்டே போனார். யாரோ "ஆல் பாஸ்" என்றார்கள், எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள், நானும் தட்டினேன்.

அடுத்த மாதம் என் வார்டில் கீரை விற்கிற பாட்டி ஒருத்தி வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஏனுங் அம்மிணி, கூடைக்கு இத்தன சுங்கம் ஏத்திப்போட்டீங்களே, நாலு கட்டு வித்தா எனக்கு என்ன மிஞ்சும்?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று ராத்திரி அஜெண்டாவைத் தேடி எடுத்தேன். தினசரி மார்க்கெட் குத்தகைப் பொருளின் நிபந்தனைகளுக்குள், தலைச்சுமைக் கூடைக்கும் கட்டணம் உயர்த்தியிருந்தது. 'மன்றம் முடிவு செய்தது' என்று எழுதியிருந்த அந்த மன்றத்தில் நானும் ஒருத்தி. அந்தப் பாட்டியின் கையிலிருந்த காசை மேஜை தட்டியே பிடுங்கியிருக்கிறேன்.

அன்றிலிருந்து அஜெண்டா வந்த அன்றே சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வேன். எவ்வளவு பணம்? எந்த நிதியிலிருந்து? யார் வாழ்வைத் தொடுகிறது? விடை தெரியாததற்கு வட்டம் போட்டு, மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போய்க் கோப்பைக் கேட்பேன்.

2. 'பின்னேற்பு' என்ற சொல்லைக் கண்டால் நின்று படியுங்கள்.

குழாய் உடைந்தது, மோட்டார் எரிந்தது, மழை வெள்ளம் புகுந்தது என்றால் கூட்டம் வரும்வரை காத்திருக்க முடியாது. தலைவர் முன்னனுமதி கொடுத்து வேலையை முடித்துவிட்டுப் பிறகு மன்றத்தின் ஒப்புதலைக் கேட்பார்கள். அதுதான் பின்னேற்பு. உண்மையான அவசரத்தில் அது நியாயம். ஆனால் மூன்று மாதம் முன்பே தெரிந்த வேலையும் அவசரம் என்று வரும். அப்போது "இதில் என்ன அவசரம்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நாலு கூட்டம் தொடர்ந்து கேட்டால் ஐந்தாவது கூட்டத்தில் அந்தப் பட்டியல் சுருங்கியிருக்கும்.

3. தண்ணீர் வரும் நேரத்தில் வார்டை நடந்து பாருங்கள்.

வெள்ளென எழுந்து, குழாய் திறக்கிறவர் வால்வைத் திருப்பும்போது கூட இருங்கள். எந்தத் தெருவில் முதலில் வருகிறது, கடைசி வீட்டுக்கு எத்தனை குடம் கிடைக்கிறது, எந்த வீட்டில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள் என்பதெல்லாம் அந்த அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் நகராட்சியின் பெயர் நிலைத்தது தண்ணீரால்தான். கோயம்புத்தூர் 1866-ல் நகராட்சியானது. சிறுவாணித் தண்ணீரைக் கொண்டுவரப் பாடுபட்ட நகராட்சித் தலைவர் ரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத்தான் இன்றும் ஆர்.எஸ்.புரம் தாங்கி நிற்கிறது. ஈரோட்டில் பெரியார் நகராட்சித் தலைவராக இருந்தபோது காவிரித் தண்ணீரைக் குழாயில் ஊருக்குள் கொண்டுவந்தார். நூறு வருஷம் கழித்தும் அவர்களின் நகராட்சி வேலையைச் சொல்லும்போது ஜனங்கள் முதலில் சொல்வது தண்ணீரைத்தான்.

4. ரோட்டுக்கு முந்தி, மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

தார் போட்டு ஒரு மாதத்தில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டுவது, அதை மூடி ஒரு மாதத்தில் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டுவது எல்லா ஊரிலும் நடந்திருக்கிறது. ரோட்டு வேலை மன்றத்துக்கு வரும்போதே எழுந்து, "குழாய் வேலை முடிந்ததா, வீட்டு இணைப்பு கொடுத்தாயிற்றா, மழைநீர் வடிகால் எந்தப் பக்கம் சாய்கிறது?" என்று கேளுங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே போட்டால் தெரு உயர்ந்துவிடும், வீடு பள்ளமாகிவிடும். ஐப்பசி மழைக்குத் தண்ணீர் சமையலறைக்கு வரும். வேலை நடக்கும்போது போய் நில்லுங்கள். பில் வருகிறபோது பொறியாளரிடம் எம்-புக்கை, அதாவது வேலையை அளந்து எழுதிய புத்தகத்தைக் கேட்டு, அதில் எழுதிய நீளத்தை உங்கள் காலால் ஒருமுறை நடந்து பாருங்கள்.

5. வரியைப் பற்றிப் பேசக் கூச்சப்படாதீர்கள்.

சம்பளம், பென்ஷன், மின்கட்டணம், குடிநீர் வாரியத்துக்குச் செலுத்துவது எல்லாம் போக மீதி இருந்தால்தான் உங்கள் வார்டுக்கு விளக்கு. சொத்து வரி, காலியிட வரி, தொழில் வரி, கடை வாடகை, சந்தை, பஸ் ஸ்டாண்டு குத்தகை இவைதான் நம் சொந்த வருமானம். சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்குகிறது. தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. இதை வீடு வீடாகச் சொல்லுங்கள். ஓட்டுப் போய்விடும் என்று பயந்து வரிப் பாக்கியைப் பற்றி வாய் திறக்காத கவுன்சிலர், அடுத்த பட்ஜெட்டில் ஒரு சாக்கடை மூடிக்குக்கூடக் கேட்க முடியாமல் நிற்பார். வாடகை பாக்கி வைத்திருக்கிற பெரிய கடையின் பெயரை மன்றத்தில் கேளுங்கள். ஓடு வேய்ந்த வீட்டுக் கிழவியிடம் வரி கேட்பதற்கு முன்னால் அதைக் கேளுங்கள்.

6. டெண்டர் பக்கம் தலை வைக்காதீர்கள்.

உங்கள் மன்றத்தின் ஒப்பந்தத்தில் உங்களுக்குப் பங்கு இருந்தால் பதவியே போகும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பதவி போகாவிட்டாலும் வாய் போய்விடும். மச்சான் எடுத்த வேலையில் சிமெண்ட் குறைந்தால் உங்களால் கேட்க முடியுமா? 1998-ல் வந்த ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தைப் படியுங்கள். எத்தனை பேர் புள்ளி கொடுத்தார்கள், மதிப்பீடு என்ன, கொடுத்த விலை என்ன என்று பார்ப்பது உங்கள் கடமை. யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்வது உங்கள் கடமை கிடையாது.

7. எந்த மனிதனையும் சாக்கடைக் குழிக்குள் இறங்கச் சொல்லாதீர்கள்.

ஜனங்கள் போன் பண்ணிச் சத்தம் போடுவார்கள். வீட்டுக்குள் நாற்றம் தாங்காது. மெஷின் வரத் தாமதமாகும். அப்போது உங்கள் வாயில் "யாரையாவது இறக்கி எடுக்கச் சொல்லுங்க" என்று வந்துவிடக் கூடாது. 2013-ன் சட்டம் அதைத் தடை செய்கிறது. சட்டம் இருக்கட்டும், அந்தக் குழிக்குள் இருக்கிற வாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்க்கும். தூய்மைப் பணியாளர்களின் பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். கையுறை வந்ததா, பூட்ஸ் வந்ததா, ஒப்பந்தக்காரர் பி.எஃப். கட்டுகிறாரா என்று மாதம் ஒருமுறை கேளுங்கள். ஊர் மணக்க அவர்கள்தான் காரணம்.

8. அம்மிணிகளே, உங்கள் நாற்காலியில் நீங்களே உட்காருங்கள்.

என் வீட்டிலும் முதல் மாதம் போன் வந்தால் வீட்டுக்காரர்தான் எடுத்தார். அதிகாரிகள் அவரிடம்தான் பேசினார்கள். ஒருநாள் சொன்னேன்: "ஏனுங்க, கையெழுத்து என்னோடது. தப்பு வந்தா என்னைத்தான் கேப்பாங்க. பேச்சும் என்னோடதா இருக்கட்டும்." அவர் அதற்குப் பிறகு என்னை வண்டியில் கொண்டுபோய் வாசலில் விடுவார், வெளியே டீக்கடையில் இருப்பார். அதுதான் பெரிய துணை. தெரியாததைக் கேட்டால் சிரிப்பார்கள் என்று பயப்படாதீர்கள். நாங்கள் 1920-ன் நகராட்சிச் சட்டப்படி கூட்டம் நடத்தினோம். 2023 ஏப்ரலிலிருந்து 1998-ன் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் புதிய விதிகளும் நடப்புக்கு வந்திருக்கின்றன. அந்தப் புத்தகத்தை வாங்கிப் படித்தவர் முன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

9. பகுதி சபையை ஒப்புக்கு நடத்தாதீர்கள்.

2016-லிருந்து 2022 வரை நம் நகராட்சிகளில் கவுன்சிலர் என்று யாரும் கிடையாது. தனி அலுவலர்கள் நடத்தினார்கள். அந்த வருஷங்களில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் யார் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் ஜனங்கள் என்னிடம் வந்தார்கள். நான் மனு எழுதிக் கொடுத்தேன்; அதைத் தூக்கிக்கொண்டு மன்றத்தில் எழுந்து நிற்க ஆளில்லை. கவுன்சிலர் எதற்கு என்று அப்போதுதான் எனக்கே முழுதாக விளங்கியது. இப்போது கவுன்சிலரும் உண்டு, ஜனங்கள் நேரில் குறை சொல்ல இடமும் உண்டு: 2022 நவம்பர் 1 முதல் வார்டுக்குள்ளேயே பகுதி சபைகள் கூடத் தொடங்கின. பொழுதோடு கூட்டுங்கள், வேலைக்குப் போகிறவர்கள் வர முடியும். போன சபையில் கேட்டதில் எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன் என்று முதலில் படியுங்கள். முடியாததை முடியாது என்று நேரில் சொன்னால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். பதிலே சொல்லாமல் விட்டால் பொறுக்க மாட்டார்கள்.

10. தீர்மானம் எப்படி எழுதப்பட்டது என்று பாருங்கள்.

கீரைப் பாட்டி வந்துபோன பிறகு ஒரு வருஷம் காத்திருந்தேன். மறுபடி மார்க்கெட் குத்தகை மன்றத்துக்கு வந்தது. தலைச்சுமைக் கூடைக்குச் சுங்கம் கூடாது என்று திருத்தம் சொன்னேன். ஆளும் தரப்பும் எதிர்த் தரப்பும் ஒப்புக்கொண்டார்கள். சந்தோஷமாக வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த கூட்டத்தில், போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை வாசித்தபோது அந்த ஒரு வரி அதில் இல்லை. வேண்டுமென்றே விட்டார்களோ, கை மறந்ததோ, நான் ஆராயவில்லை. எழுந்து நின்று, "அந்த வரியைச் சேர்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்" என்றேன். சேர்த்தார்கள். பேசியது காற்றோடு போகும். மினிட் புத்தகத்தில் எழுதியதுதான் குத்தகைதாரரின் ஒப்பந்தத்துக்குள் போகும்.

பிறகு மார்க்கெட் வாசலில் கட்டணப் பலகை மாட்டினார்கள். கடைசி வரியில் 'தலைச்சுமைக் கூடை: கட்டணம் இல்லை' என்று இருந்தது. அந்தப் பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் கூட்டிக்கொண்டு போய் விரல் வைத்துப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள். நீங்கள் தட்டப்போகிற ஒவ்வொரு மேஜைக்கும் அந்தப் பக்கம் இப்படி ஒருத்தி கூடையோடு நிற்கிறாள். அவளை நினைத்துக்கொண்டு அஜெண்டாவைப் பிரியுங்கள், கண்ணுகளா.