வார இறுதிக்கு ஓர் இருப்பிடம்: இயற்கை விடுதிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் பயணத்தில் நம் கையில் இருப்பவை 51 மணி நேரம். இரண்டு இரவு உறக்கத்துக்குப் பதினாறு மணி. போக ஐந்து மணி, வர ஐந்து மணி. எஞ்சுபவை 25 மணி நேரமே. வார இறுதிப் பயணத்தில் நாம் செலுத்தும் பணம் முழுவதும் இந்த இருபத்தைந்து மணி நேரத்தின் விலையாகும். ஆகவே, ஒரு விடுதி எவ்வளவு அழகானது என்பதற்கு முன்னரே, அது இந்தக் குறுகிய நேரத்தை எவ்வாறு பயன்படுத்த உதவும் என்று கேட்க வேண்டும்.

அறைகள் குறைவாகவும், சூழல் தனித்தன்மையுடனும் உள்ள விடுதிகள் இன்று நாடெங்கும் பெருகியுள்ளன. காப்பித் தோட்டத்து வீடு, காட்டோர விடுதி, பழைய கோட்டை, பூட்டிக் ஓட்டல் எனப் பெயர்கள் பல. விளம்பரப் படங்களில் எல்லாம் ஒன்றுபோலவே பசுமையாகத் தெரியும். அவற்றைப் பிரித்தறியும் முறையையும், பணத்தைப் பாதுகாப்பாகச் செலுத்தும் முறையையும் இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம்.

வகை அறிதல்

முதலாவது, ஹோம்ஸ்டே எனப்படும் இல்லத் தங்கல். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் அங்கீகாரத் திட்டத்தில், உரிமையாளர் குடும்பம் அதே இடத்தில் வசிக்க வேண்டும். வாடகைக்கு விடும் அறைகள் ஆறுக்கு மேற்படக் கூடாது. தகுதிக்கேற்பத் தங்கம், வெள்ளி என இரு தரங்கள் வழங்கப்படுகின்றன. உரிமையாளர் எங்கோ நகரத்தில் இருக்க, காவலாளி ஒருவர் சாவியை நீட்டும் இடம் வாடகை வீடே அன்றி, இத்திட்டம் கருதும் இல்லத் தங்கல் ஆகாது. கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தில் காப்பித் தோட்டங்களுக்குள் அமைந்த வீடுகள் இவ்வகைக்கு நல்ல சான்று. வீட்டாரோடு உணவருந்துவதும், தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பதுமே அங்கு நாம் பெறும் பொருள்.

இரண்டாவது, காட்டோர விடுதி. கர்நாடக அரசு நிறுவனமான ஜங்கிள் லாட்ஜஸ் அண்டு ரிசார்ட்ஸ் 1980-இல் தொடங்கப்பட்டது. நாகரஹொளே காட்டை ஒட்டிய கபினி நீர்த்தேக்கக் கரையில் அது நடத்தும் விடுதி, இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. இங்குக் கட்டணம் பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படும். உணவும் காட்டுலாவும் அதில் அடங்கும்.

மூன்றாவது, மரபு விடுதி. 1950-க்கு முன் கட்டப்பட்ட கோட்டை, அரண்மனை, மாளிகை, வேட்டை விடுதி முதலியவற்றுக்கே சுற்றுலா அமைச்சகம் மரபு ஓட்டல் என்னும் தகுதியை அளிக்கிறது. தில்லியிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில், ராஜஸ்தானில் உள்ள நீம்ரானா கோட்டை 1464-இல் எழுந்தது. 1991-இல் விடுதியாகத் திறக்கப்பட்டது. அது குன்றின் சரிவில் அடுக்கடுக்காக ஏறும் கட்டடம். இத்தகைய இடங்களில் அறைக்குச் செல்லப் பல படிகள் ஏற வேண்டியிருக்கும். முழங்கால் வலியுள்ள பெரியவர்களை அழைத்துச் செல்வோர் முன்பதிவின்போதே கீழ்த்தளத்து அறையைக் கேட்டுப் பெறுவது நன்று.

காலம் அறிதல்

இயற்கை விடுதியின் மதிப்பு பருவத்தைப் பொறுத்தது. குடகில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெய்யும் மழைக்குப் பின் காப்பிச் செடிகள் வெண்ணிறமாகப் பூக்கும். அப்பூக்கள் நிலைப்பது சில நாள்களே. அதே தோட்டத்தில் ஜூலை மாதம் ஓயாத மழையும் அட்டைகளும் இருக்கும். மழையை விரும்புவோருக்கு அது குறையன்று. கட்டணமும் அப்போது குறையும். கபினிக் கரையில் ஏப்ரல், மே வெயிலில் நீர் வற்றிப் புல்வெளி விரியும்போது யானைக் கூட்டங்கள் திரளும். வெயிலுக்கு அஞ்சி அம்மாதங்களைத் தவிர்ப்போர் அக்காட்சியையும் தவறவிடுவர்.

காடுகளுக்கும் விடுமுறை உண்டு. கான்ஹா, பாந்தவ்கர் முதலிய மத்தியப் பிரதேசப் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகள் ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை மூடப்பட்டிருக்கும். அம்மாதங்களிலும் சுற்றியுள்ள விடுதிகள் சில தள்ளுபடி விலையில் அறை தருகின்றன. மலிவாயிற்றே என்று போனபின் மையக் காட்டின் கதவு சாத்தியிருப்பதைக் கண்டு வருந்துவதைவிட, முன்பே கேட்டறிவது நலம்.

சாலைக்கும் கால வரம்பு உண்டு. பந்திப்பூர்க் காட்டின் ஊடே செல்லும் நெடுஞ்சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொதுப் போக்குவரத்துக்குத் தடை உள்ளது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்தில் செல்வோர், சென்னை உயர் நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் பெற வேண்டியுள்ளது. வெள்ளி இரவில் புறப்படுவோர் இவற்றைக் கணக்கில் கொள்ளாவிட்டால், 25 மணி நேரத்தில் சில மணி சாலையிலேயே கழியும்.

அனுமதி அறிதல்

பலரும் கேட்க மறப்பதும், எல்லாவற்றினும் முதன்மையானதும் இதுவே. நீலகிரியின் சீகூர்ப் பகுதியில் யானை வழித்தடத்தை வரையறுத்துத் தமிழ்நாடு அரசு 2010-இல் அறிவிக்கை வெளியிட்டது. அதை எதிர்த்து ரிசார்ட் உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில், 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கையை உறுதி செய்தது. கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில், நெடியதுருத்து தீவில் கட்டப்பட்ட ஆடம்பர ரிசார்ட் ஒன்றைக் கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறியதற்காக இடிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் ஆணையிட்டது. 2022 செப்டம்பரில் இடிப்புப் பணி தொடங்கியது. விதி மீறிய கட்டடம் எந்த நாளிலும் முத்திரை வைக்கப்படலாம். அப்போது நாம் செலுத்திய முன்பணம் எங்கே என்று தேட நேரும்.

பணம் மட்டுமே இதில் சிக்கியுள்ளது என எண்ண வேண்டாம். 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடி அருகே, விடுதி வளாகத்தில் கூடாரத்தில் தங்கியிருந்த இளம்பெண் ஒருவர் யானை தாக்கி உயிரிழந்தார். அதன்பின் மாவட்ட நிர்வாகம் அவ்விடுதியை மூடச் செய்தது. அதே மாதத்தில் மசினகுடியில், விடுதிப் பக்கம் வந்த யானையின் மீது எரியும் பொருள் வீசப்பட்டு, அந்த யானை காயத்தால் மாண்டது. யானை நடக்கும் பாதையில் நாம் படுக்கை விரித்தால் துன்பம் இரு பக்கமும் நேரும்.

எனவே, பதிவு செய்யும் முன் மூன்றைக் கேட்போம்: உள்ளாட்சி உரிமமும் சுற்றுலாத் துறைப் பதிவும் உண்டா? பதிவு எண் என்ன? காட்டுலாவை நடத்துவது வனத்துறையா, அதன் அனுமதி பெற்றவரா? ‘இரவில் காட்டுக்குள் ஜீப்பில் அழைத்துச் செல்வோம், விலங்கை விளக்கடித்துக் காட்டுவோம்’ என்று ஒருவர் வாக்களித்தால், அந்த விடுதியைப் பட்டியலிலிருந்து நீக்குவதற்கு அதுவே போதிய காரணம்.

விலை அறிதல்

விளம்பரத்தில் காணும் எண்ணும், இறுதி ரசீதில் காணும் எண்ணும் ஒன்றல்ல. 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு ரூ.7,500 வரையிலான அறைக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு, அதற்கு மேற்பட்டால் 18 விழுக்காடு. ரூ.7,500 அறைக்கு வரியுடன் ரூ.7,875 ஆகும். ரூ.7,600 அறைக்கோ ரூ.8,968 ஆகும். நூறு ரூபாய் உயர்வு, கையிலிருந்து ரூ.1,093-ஐக் கூடுதலாக எடுத்துச் செல்கிறது. ரூ.7,500-ஐ ஒட்டிய கட்டணத்தில் சிறு தள்ளுபடி கேட்பது எவ்வளவு பயன் தரும் என்பது இதனால் விளங்கும். அறைக் கட்டணம் அவ்வரம்பைத் தாண்டும் ஓட்டல்களில், வளாகத்து உணவகத்திலும் 18 விழுக்காடு வரியே விதிக்கப்படும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். எண்கள் கணக்குக்காக நாம் அமைத்துக்கொண்டவை. தம்பதியர் இருவர் இரண்டு இரவுகள் தங்க மூன்று இடங்களை விசாரிக்கின்றனர். முதலாவது பூட்டிக் ரிசார்ட்: அறைக்கு ரூ.7,600, உணவு தனி. இரண்டாவது காட்டோர விடுதி: ஆளுக்கு ரூ.6,000, உணவும் காட்டுலாவும் சேர்ந்தது. மூன்றாவது இல்லத் தங்கல்: அறைக்கு ரூ.4,500, காலையுணவும் இரவுணவும் சேர்ந்தது.

முதல் இடத்தில் அறைக்கு வரியுடன் ரூ.17,936. ஆளுக்கு வேளைக்கு ரூ.700 என நான்கு வேளை உணவு ரூ.5,600, வரியுடன் ரூ.6,608. வெளியில் ஜீப் வாடகை ரூ.3,000. மொத்தம் ரூ.27,544. இரண்டாம் இடத்தில் இருவருக்கு இரண்டு இரவுகள் ரூ.24,000, 18 விழுக்காடு வரியுடன் ரூ.28,320. மூன்றாம் இடத்தில் ரூ.9,000, ஆளுக்கு ரூ.300 வீதம் இரண்டு பகலுணவு ரூ.1,200, மொத்தம் ரூ.10,200. விளம்பரத்தில் நடுவில் நின்ற எண், கணக்கில் முதலிடம் பிடித்தது. முதல் இரண்டுக்கும் உள்ள இடைவெளியோ ரூ.776 மட்டுமே. ஆளுக்கா, அறைக்கா, உணவு சேர்ந்ததா, வரி சேர்ந்ததா என்னும் நான்கு கேள்விகளுக்கும் விடை பெறாமல் எந்த இரு விலைகளையும் ஒப்பிடுதல் ஆகாது.

மூன்றாம் கணக்கில் வரி சேர்க்காததற்குக் காரணம் உண்டு. ஆண்டு வரவு ரூ.20 லட்சத்துக்கு உட்பட்ட சிறு உரிமையாளர், பெரும்பாலான மாநிலங்களில் ஜி.எஸ்.டி. பதிவு பெற வேண்டியதில்லை; நேரில் பதிவு செய்தால் அவர் வரி வாங்க இயலாது. அதே அறையை இணையப் பதிவுத் தளம் வழியாக எடுத்தால், அத்தளமே வரியை வசூலித்துச் செலுத்த வேண்டும். பதிவு எண் இல்லாத ரசீதில் ஜி.எஸ்.டி. என்று ஒரு வரி காணப்பட்டால், அதைக் கேள்வி கேட்கும் உரிமை நமக்குண்டு.

பணம் செலுத்துதல்

புகழ்பெற்ற விடுதிகளின் பெயரில் போலி இணையதளங்களை அமைத்து முன்பணம் பறிப்பது இன்று பெருகிவரும் மோசடி. 2025 ஏப்ரலில் மத்திய உள்துறை அமைச்சகத்தின் இந்திய இணையக் குற்ற ஒருங்கிணைப்பு மையம் இது குறித்து யாத்திரிகர்களையும் சுற்றுலாப் பயணிகளையும் எச்சரித்தது. வங்கியில் பணியாற்றும் நாங்கள் வாடிக்கையாளர்களிடம் வலியுறுத்துபவை சில:

தேடுபொறியில் முதலில் தோன்றும் தொலைபேசி எண்ணை நம்பி அழைக்க வேண்டாம். அரசு விடுதியாயின் அத்துறையின் இணையதளத்திலேயே எண்ணைக் காண்க. யு.பி.ஐ. வழியாகச் செலுத்தும்போது, திரையில் தோன்றும் கணக்குப் பெயரைப் படித்த பின்னரே ரகசிய எண்ணை உள்ளிடுக. விடுதியின் பெயருக்கு மாறாக யாரோ ஒருவரின் பெயர் தோன்றினால் நிறுத்திக் காரணம் கேட்க. பணத்தைத் திரும்பப் பெற யு.பி.ஐ. ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. ‘பதிவை ரத்துச் செய்தோம், பணம் வர எண்ணை அழுத்துங்கள்’ என்பவர் பணம் எடுக்கவே வருகிறார்.

முன்பணம் பெருந்தொகையாயின் கடன் அட்டை வழியாகச் செலுத்துவது நன்று. சேவை கிடைக்காதபோது வங்கி வழியாக முறையிட்டு அத்தொகையை மறுக்க அதில் வழி உண்டு. நாமே ரகசிய எண்ணை உள்ளிட்டு அனுப்பிய யு.பி.ஐ. தொகையை மீட்பது அதனினும் கடினம். ரத்து விதியை எழுத்தில் பெறுக: எத்தனை நாள்களுக்கு முன் ரத்துச் செய்தால் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில் திரும்பும் என்பன அதில் இருக்க வேண்டும். ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால், ஒரு மணி நேரமும் தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணை அழைத்துப் புகார் செய்து, வங்கிக்கும் தெரிவிக்க. பணம் அடுத்த கணக்குக்கு மாறும் முன் முடக்கினால்தான் மீட்பு எளிது. சேவைக் குறைபாடு குறித்த புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இறுதியாக, இச்செலவு எங்கிருந்து வர வேண்டும் என்பதையும் கருதுவோம். மாதம் ரூ.2,500 தொடர் வைப்பில் செலுத்தினால், ஓராண்டில் வட்டி நீங்கலாகவே ரூ.30,000 சேரும், மேற்கண்ட மூன்று பயணங்களுள் எதற்கும் அது போதும். இரண்டு நாள் மகிழ்ச்சிக்குப் பன்னிரண்டு மாதத் தவணை கட்டுவதினும், பன்னிரண்டு மாதம் சேர்த்து இரண்டு நாள் கவலையின்றிக் கழிப்பதே மேல்.

வகை, காலம், அனுமதி, விலை, பணம் செலுத்தும் வழி ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, விசாரிக்கும் ஒவ்வொரு விடுதிக்கும் நேராக விடைகளைக் குறித்துக்கொள்வோம். அரை மணி நேர வேலைதான். ஐந்தில் ஒன்றுக்கேனும் விடுதியார் விடை தர மறுத்தால், அந்தப் பெயரை அடித்துவிட்டு அடுத்ததற்குச் செல்வோம்.