பழைய சுழல் புல்வெட்டியை வாங்கும் முன்

செம்பனைத் தோட்டங்களில் புல்லை அடக்கி வைப்பது ஓயாத வேலையாகும். வெயிலும் மழையும் மாறி மாறி வரும் நம் மண்ணில், இம்மாதம் வெட்டிய இடத்தில் அடுத்த மாதமே புல் முழங்காலைத் தொட்டு நிற்கும். 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொடங்கி, பாராகுவாட் என்னும் களைக்கொல்லி மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. அதனையே நம்பியிருந்தவர்கள் வேறு வழி தேட வேண்டியவர்களாயினர். டிராக்டரின் பின்னால் பூட்டி ஓட்டப்படும் சுழல் புல்வெட்டி அவ்வழிகளுள் ஒன்று. தோட்டப்புறங்களில் இதனைச் சிலேஷர் என்றே வழங்குவர். புதியதை வாங்கும் அளவுக்குக் கையில் பணமில்லாத சிறு தோட்டக்காரர்களும், நான்கைந்து பேராகக் கூடி ஒப்பந்தத்திற்குப் புல் வெட்டித் தரும் இளைஞர்களும் பழையதைத் தேடிப் பட்டறை பட்டறையாகச் செல்கின்றனர். பழையதை வாங்குவதில் குறையொன்றுமில்லை. ஆனால், இவ்வியந்திரத்தில் விலையுயர்ந்த பாகமும் உயிருக்கு ஆபத்தான பாகமும் வெளிப்பார்வைக்குத் தென்படாதவை. வண்ணத்தையும் விலையையும் மட்டும் பார்த்து வாங்குவோர் சேமிப்பை இழக்கலாம். ஓட்டுகின்றவர் கையையே இழக்கவும் கூடும்.

வாங்கும் நோக்கத்தை முதலில் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். லாலாங் புல்லை ஒழிப்பதற்கென்று எவரேனும் இதனை வாங்க எண்ணினால், அந்த எண்ணத்தைக் கைவிடுவதே நன்று. லாலாங்கின் உயிர் மண்ணுக்குள் ஓடும் தண்டுக்கிழங்கில் இருக்கின்றது. மேலே எத்தனை முறை வெட்டினாலும் அது மீண்டும் தளிர்க்கும். சாதாரணப் புல், பெரணி, பென்சில் பருமனுள்ள இளஞ்செடிகள் ஆகியவற்றைத் தாழ்த்தி வைப்பதே இவ்வியந்திரத்தின் வேலை.

இதன் அமைப்பு எளிது. டிராக்டரின் பி.டி.ஓ. எனப்படும் பின்தண்டு நிமிடத்திற்கு 540 முறை சுழலும். அச்சுழற்சியை ஓர் இணைப்புத் தண்டு கியர் பெட்டிக்குக் கொண்டு செல்கின்றது. கியர் பெட்டி அதனைக் கீழ்நோக்கித் திருப்பி, வேகத்தையும் கூட்டுகின்றது. ஐந்தடி அகலமுள்ள வெட்டியில் கத்தியின் நுனி மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்கின்றது என்பதை நினைவில் கொள்ளல் வேண்டும்.

உங்களிடம் இருக்கும் டிராக்டருக்கு இயந்திரம் பொருந்துமா என்பது அடுத்த கேள்வி. வெட்டும் அகலத்தில் அடிக்கு ஐந்து குதிரைத்திறனேனும் பின்தண்டில் கிடைக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அடர்ந்த புதராயின் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். மும்முனை இணைப்பின் கீழ் ஊசிகள் 22 மில்லிமீட்டரா, 28 மில்லிமீட்டரா என்று அளந்து கொண்டு செல்லுங்கள். பின்னால் தொங்கும் பளுவினால் முன்சக்கரங்கள் இலேசாகி, மேட்டு நிலத்தில் திருப்பத்திற்குக் கட்டுப்படாமல் போவதுண்டு. எனவே, சிறிய டிராக்டருக்குப் பெரிய வெட்டி மலிவாகக் கிடைக்கின்றதே என்று ஆசைப்படலாகாது.

பழைய டிராக்டர் வைத்திருப்போர் இங்கு மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய வகைகளுள் பலவற்றில் பின்தண்டு, சக்கரங்களை ஓட்டும் அதே கிளட்சுடன் பிணைந்திருக்கும். ஓட்டுநர் கிளட்சை மிதித்தவுடன் என்ஜின் விலகிவிடும். சுழலும் கத்திகளோ உடனே நிற்பதில்லை. அவற்றின் வேகம் பின்தண்டின் வழியே திரும்பி வந்து சக்கரங்களை உருட்டும். கிளட்சை மிதித்தும் டிராக்டர் முன்னால் போய்க்கொண்டேயிருக்கும். எதிரே வாய்க்காலோ ஆளோ இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதனைத் தடுப்பதற்கென்றே ஒருவழிக் கிளட்சு உண்டு. பின்தண்டின் முனையில் பொருத்தப்படும் இச்சிறு பாகத்தைக் கையால் திருப்பினால், ஒரு பக்கம் தாராளமாகச் சுற்றும், மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். இரு பக்கமும் சுற்றினாலும், இரு பக்கமும் பிடித்தாலும் அது கெட்டுவிட்டது என்று பொருள். விற்பவரிடம் இப்பாகம் இல்லையெனில் அதன் விலையையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனிக் கியர் பெட்டிக்கு வருவோம். பழைய சிலேஷரின் மதிப்பில் பெரும்பங்கு இதில்தான் அடங்கியிருக்கின்றது. எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி, சுத்தமான கம்பியொன்றை உள்ளே விட்டு எடுங்கள். எண்ணெய் பாலைப் போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது. விரலில் தேய்க்கும்போது வெள்ளித் தூள் போல் மின்னினால் பற்களோ பேரிங்கோ அரைபட்டு வருகின்றன. எண்ணெய்க்குப் பதில் கெட்டியான கிரீஸ் அடைக்கப்பட்டிருந்தால், ஒழுக்கை மறைக்கச் செய்த வேலை என்று ஐயுறலாம்.

ஒழுக்குக்குக் காரணம் பெரும்பாலும் கீழ்ப்பக்கத்து சீல் ஆகும். உரச் சாக்கின் நைலான் நூலும் அறுந்த கம்பியும் புல்லோடு சேர்ந்து கீழ்த்தண்டில் சுற்றிக்கொண்டு, மெல்ல மெல்ல சீலை அறுத்துவிடும். சீல் மலிவானது, எண்ணெயின்றி ஓடிய கியர் பெட்டியோ மலிவானதன்று. ஆகவே, ஒழுகுகின்றதா என்பதோடு நின்றுவிடாமல், ஒழுகிய நிலையில் எவ்வளவு காலம் ஓடியது என்பதையும் அறிய முயல வேண்டும். அதற்கு வழி இது: இயந்திரத்தை உயர்த்தி, உறுதியான மரக்கட்டைகளின் மீது நிறுத்துங்கள். டிராக்டரின் ஹைட்ராலிக் தூக்கியை மட்டும் நம்பி எவரும் அடியில் நுழையலாகாது. என்ஜினை அணைத்து இணைப்புத் தண்டைக் கழற்றிய பின்னர், கத்திகள் பூட்டிய வட்டத் தட்டைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். உணரத்தக்க ஆட்டமிருந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது. மெதுவாகச் சுற்றும்போது ஓரிடத்தில் கடகடவென்று தட்டினால் பல் உடைந்திருக்கலாம். இவ்விரண்டும் உள்ள இயந்திரத்தை இரும்பு விலைக்கன்றி வேறு விலைக்குக் கேட்க வேண்டாம்.

கத்திகள் தட்டில் தளர்வாக ஆடிக்கொண்டிருக்க வேண்டும். அடிக்கட்டையில் மோதும்போது பின்னால் மடங்கித் தப்பிக்கும் வகையில் அவை அமைந்துள்ளன. துருப்பிடித்து இறுகிய கத்தி மடங்காது. அந்த அடி முழுவதும் கியர் பெட்டியில் இறங்கும். கத்தியின் துளை முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் கத்தியையும் போல்ட்டையும் மாற்றியாக வேண்டும். எடை சமமாக இருக்கும் பொருட்டுக் கத்திகளை இணையாகவே மாற்றுதல் முறை. வெல்டிங் செய்த கத்தி பூட்டியிருப்பின், அதனோடு சோதனை ஓட்டத்திற்குக் கூட இணங்காதீர்கள்.

முந்தைய உடைமையாளரின் குணத்தை அறிய வேண்டுமானால், இணைப்புத் தண்டில் உள்ள வெட்டுப் போல்ட்டைப் பாருங்கள். பளு மிஞ்சும்போது தான் அறுந்து கியர் பெட்டியைக் காப்பதற்கென்றே அது மென்மையான இரும்பால் செய்யப்படுகின்றது. அடிக்கடி அறுகின்றதே என்று சலித்து, அவ்விடத்தில் கடினமான போல்ட்டை முடுக்கிவிடுவோர் பலர். அத்தகைய இயந்திரம் பட்ட அடிகளையெல்லாம் கியர் பெட்டியே வாங்கியிருக்கும். சிலவற்றில் போல்ட்டுக்குப் பதிலாக வழுக்கும் கிளட்சு இருக்கும். மழையில் கிடந்தால் அதன் தட்டுகள் துருவேறி ஒட்டிக்கொள்ளும். அவ்வாறு ஒட்டியது வழுக்காது. அதனைப் பிரித்துச் சுத்தம் செய்து, மீண்டும் அளவாக முடுக்க வேண்டும்.

அந்த இணைப்புத் தண்டின் மீது ஒரு பிளாஸ்டிக் உறை இருத்தல் வேண்டும். பழைய இயந்திரங்களில் பெரும்பாலும் காணாமற் போயிருப்பது இதுவே. “உறையில்லாமல் இத்தனை வருடம் ஓடியது, ஒன்றும் ஆகவில்லை” என்று விற்பவர் கூறக்கூடும். நிமிடத்திற்கு 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. ஆறு சென்டிமீட்டர் பருமனுள்ள தண்டு ஒரு நொடியில் ஒன்றரை மீட்டருக்கும் மேலான துணியைச் சுருட்டிக்கொள்ளும். சட்டைக் கையோ, தோளில் போட்ட துண்டோ, சாரத்தின் நுனியோ சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள எவருக்கும் நேரமிராது. உறையும் அதனைப் பிடித்து நிறுத்தும் சங்கிலியும் இல்லாத தண்டை அப்படியே ஓட்டக்கூடாது. கற்கள் பறப்பதைத் தடுக்க முன்னும் பின்னும் தொங்கும் சங்கிலி வரிசைக்கும் ரப்பர்த் தடுப்புக்கும் இது பொருந்தும். கூலிக்கு ஒருவரை ஓட்ட அமர்த்துவோர் வேறொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், 2024 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, ஒருசில விலக்குகள் நீங்கலாக நாட்டின் எல்லா வேலையிடங்களையும் தழுவுகின்றது.

வண்ணத்தைப் பற்றி அதிகம் கூறுவதற்கில்லை. புதிதாகப் பூசிய வண்ணம் வெடிப்பை மறைக்கும் என்பதால், கியர் பெட்டியின் அடிப்பாகத்தைச் சுற்றிச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஒலி நன்று. மந்தமான ஒலி அரித்துப்போன தகட்டைக் காட்டும்.

சோதனை ஓட்டத்தின்போது பிள்ளைகளையும் வேடிக்கை பார்ப்போரையும் வெகு தொலைவில் நிறுத்துங்கள். கத்தி தட்டிய கல் நூறு மீட்டர் தொலைவுக்கும் பறக்கக்கூடும். குறைந்த வேகத்தில் தொடங்கி, படிப்படியாக 540க்கு ஏற்றுங்கள். இருக்கையில் நடுக்கம் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். பத்து நிமிடம் ஓடிய பின்னர், கத்திகள் முற்றாக நின்றதை உறுதி செய்து, கியர் பெட்டியின் மீது உள்ளங்கையை வையுங்கள். இளஞ்சூடு இயல்பு, வைக்க முடியாத சூடு ஆகாது.

பேரம் பேசுவதற்கு முன்னரே, கியர் பெட்டியின் தகட்டில் உள்ள பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு, உதிரிபாகக் கடையில் விசாரியுங்கள். சீல், பேரிங், ஓர் இணை கத்தி, தண்டின் உறை ஆகியவற்றின் விலையைக் கூட்டி, கேட்கும் விலையோடு சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை விலை விளங்கும். எந்தக் கடையிலும் பாகம் கிடைக்காத இயந்திரம் எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். கூட்டாக வாங்குவோர், யார் எவ்வளவு போட்டார், பழுதுக்கு யார் பொறுப்பு என்பதை எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்வது நட்புக்கும் நல்லது. விற்பவரிடம் தேதியிட்ட பற்றுச்சீட்டு பெறத் தவறாதீர்கள்.

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் கியர் பெட்டியின் பழைய எண்ணெயை முழுவதும் வடித்துவிட்டு, 90 எண் கியர் எண்ணெயை அளவுத் துளை வரை நிரப்புங்கள். இணைப்புத் தண்டின் இரு குழாய்களும் ஒன்றுக்குள் ஒன்று மூன்றிலொரு பங்கேனும் நுழைந்திருக்கின்றனவா, தூக்கும்போது முட்டாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதல் ஒரு மணி நேர வேலை முடிந்ததும் என்ஜினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, கத்தி போல்ட்டுகளை மறுபடி முடுக்குங்கள்.