சைக்கிள் பாதையும் ஊர்மக்களும்

மலைச்சரிவுகளில் ஓடுவதற்கென்றே தடித்த ரயர் பூட்டிய சைக்கிள்கள் உண்டு. அவற்றுக்காக வெட்டப்படும் ஒற்றையடிப் பாதை ஓர் ஊரின் அபிவிருத்திக்கு உதவுமா? வேடிக்கையான கேள்வி எனச் சிலர் எண்ணலாம். அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியத் தீவிலுள்ள டார்பி என்னும் சிற்றூரை நோக்குவோம்.

டார்பி வெள்ளீயச் சுரங்கத்தை நம்பி வளர்ந்த ஊர். 1929 ஏப்ரலில் சுரங்கத்திற்கு நீர் தந்த அணை உடைந்து 14 பேர் மாண்டனர். காலப்போக்கில் சுரங்கமும் ஓய்ந்துவிட, பிழைப்புத் தேடி மக்கள் வெளியேறினர். 2015 இல் அரசாங்கமும் உள்ளூராட்சி சபைகளும் சேர்ந்து, ஏறத்தாழ 30 இலட்சம் டொலர் செலவில், சூழவுள்ள காட்டில் சைக்கிள் பாதைகளைத் திறந்தன. 2017 இல் உலகத் தொடர்ப் போட்டி ஒன்று அங்கே நடைபெற்றது.

பாதையில் ஓடுவதற்குக் கட்டணமில்லை. அப்படியாயின் ஊருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? ஓடி முடித்தவருக்குப் பசிக்கும். இரவு தங்க அறை வேண்டும். வண்டி பழுதுபட்டால் திருத்துநர் வேண்டும். மலையுச்சிக்குச் சைக்கிள்களை ஏற்றிச்செல்ல வான் வேண்டும். ஆனால் இதே வரவால் டார்பியில் வீட்டு விலை ஏறிற்று. வீடுகள் பல விடுமுறைகால வாடகைக்கு மாறின. சொந்த வீடுள்ளவருக்கு இது இலாபம், வாடகைக்கு இருப்பவருக்கோ சுமை.

பாதை வெட்டுவதிலும் நுட்பமுண்டு. நேரே கீழ்நோக்கி வெட்டினால் முதல் மாரியிலேயே அது வாய்க்காலாகிவிடும். சரிவுக்குக் குறுக்காக, மலையின் சாய்வில் பாதிக்கு மேற்படாமல், சராசரி நூற்றுக்குப் பத்தளவு சாய்வில் வெட்டவேண்டும். வெளிவிளிம்பு சற்றுத் தாழ்ந்திருந்தால் நீர் பாதைவழியே ஓடாமல் குறுக்கே வழிந்துவிடும். தேயிலை மலையில் கான் வெட்டிய கைகளுக்கு இது புதிதன்று!

காணி யாருடையது என்பதும் முக்கியம். அமெரிக்காவின் வெர்மொண்ட் மாநிலத்தில், ஈஸ்ட் பேர்க் என்னும் ஊரில், 'கிங்டம் ட்ரெயில்ஸ்' என்ற இலாப நோக்கற்ற சங்கம் 160 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதைகளைப் பராமரிக்கிறது. அவை ஏறக்குறைய நூறு காணிக்காரரின் அனுமதியில் தங்கியுள்ளன. வருவோர் தொகை பெருகப் பிணக்கும் பெருகிற்று. 2019 டிசம்பரில் காணிக்காரர் மூவர் தம் நிலத்தில் சைக்கிளைத் தடைசெய்தனர். ஒரே நாளில் பாதைகள் துண்டாயின.

நமது மலைநாட்டிலும் கண்டியிலிருந்து நுவரெலியா வரை, ஏறத்தாழ 300 கிலோமீற்றர் நீளமான 'பீக்கோ ட்ரெயில்' என்னும் நடைபாதை உண்டு. அது தேயிலைத் தோட்டங்களை ஊடறுத்துச் செல்கிறது. லயன் அறையில் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கு வீட்டுக்கோ நிலத்துக்கோ உறுதி இல்லை. டார்பி மக்களைப்போல் அறையை வாடகைக்கு விடுவது எப்படி? வாசலில் தேநீர்க்கடை போடவும் தோட்ட நிருவாகத்தின் தயவு வேண்டும். ஆகவே பாதை பற்றிப் பேச அதிகாரிகள் வரும்போது, கடைக்கும் தங்குமிடத்துக்கும் சில பேர்ச் நிலம் எழுத்தில் கிடைக்குமா என்பதையே நமது மாதர் சங்கங்களும் இளைஞர் கழகங்களும் முதலிற் கேட்கவேண்டும். சுவரொட்டியும் திறப்புவிழாவும் பிறகு வரட்டும்.