பொறியியல் நூலகமும் மாணவர் ஆராய்ச்சியும்

பல்கலைக்கழகப் பொறியியல் நூலகத்தின் பணி, கேட்ட நூலை எடுத்துக் கொடுப்பதோடு முடிவதில்லை. கிடைத்த செய்தி எந்த ஆண்டினது, பின்னர் மாற்றம் பெற்றதா என்று ஆராயும் பழக்கத்தை மாணவரிடம் வளர்ப்பதும் அதன் கடமையாகும்.

கான்கிரீட் கட்டுமானத்திற்குரிய இந்தியத் தரநிலையாகிய ஐ.எஸ். 456 இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1953இல் முதன்முதல் வெளிவந்த இது, பின்னர்ப் பலமுறை திருத்தப்பெற்றது. கம்பியிட்ட கான்கிரீட்டுக்கு 1978ஆம் ஆண்டுப் பதிப்பு எம் 15 தரத்தை அனுமதித்தது. 2000ஆம் ஆண்டுப் பதிப்போ குறைந்தது எம் 20 வேண்டும் என விதித்தது. அதாவது, 28 நாட்களில் கான்கிரீட் பெறவேண்டிய அழுத்த வலிமை, சதுர மில்லிமீட்டருக்கு 15 நியூட்டனிலிருந்து 20 நியூட்டனாக உயர்ந்தது. பழைய பதிப்பை மட்டும் கண்ட மாணவர், போதிய வலிமையற்ற கான்கிரீட்டைத் தம் வடிவமைப்பிற் சேர்த்துவிடக்கூடும்.

ஆதலின், தரநிலை எண்ணோடு பதிப்பாண்டையும் திருத்தத் தாள்களையும் நூலகரின் துணையுடன் சரிபார்த்துக் குறித்துவர ஆசிரியர்கள் மாணவரைப் பழக்குதல் நலம்.